சர்வீஸ் நேம் இன்வேலிட்னு வருது, ஆனா பேரு சரியாத்தான் இருக்கு

3 ஜூன், கேள்வி

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர் போட்டேன், இன்ஸ்டாலர் கடைசி வரைக்கும் ஓடி முடிஞ்சுது. கமாண்ட் ப்ராம்ப்ட்ல நெட் ஸ்டார்ட் மைஎஸ்க்யூஎல்னு அடிச்சா "சர்வீஸ் நேம் இன்வேலிட்"னு வருது, கீழ 2185னு ஒரு நம்பர். சரி போகட்டும்னு ஃபோல்டரை எல்லாம் அழிச்சுட்டு மறுபடி போட்டா, இப்ப கான்ஃபிகரேஷன் விசார்டுல சர்வீஸ் நேம் பெட்டி பக்கத்துலயே சிவப்பு குறி, நெக்ஸ்ட் பட்டன் அமுங்கவே மாட்டேங்குது. பேருல ஸ்பேஸ் இல்ல, ஸ்பெஷல் கேரக்டர் இல்ல. என்னைக் கேட்டா இது இன்ஸ்டாலர் பக்தான். விண்டோஸை ஃபார்மேட் பண்றதைத் தவிர வேற வழி இருக்கா அண்ணே?

3 ஜூன், இரவு

ஃபார்மேட்டா? கொஞ்சம் பொறுங்க தம்பி. உங்களுக்கு வந்தது ரெண்டு வேற வேற புகார், ரெண்டும் பேரைத்தான் கைகாட்டுது, அதான் குழப்பம். 2185னா "அந்தப் பேருல எங்கிட்ட எந்த சர்வீஸும் இல்ல"னு அர்த்தம். நீங்க அடிச்ச எழுத்து செல்லாதுன்னு அது சொல்லல. (சர்வீஸ்னா விண்டோஸ் பின்னணில ஓட்டுற ப்ரோக்ராம்.) விசார்டுல வந்த சிவப்பு குறி அதுக்கு நேர் எதிர், "அந்தப் பேருல ஏற்கெனவே ஒருத்தன் உக்காந்திருக்கான்"னு சொல்லுது. இல்லைன்னு ஒண்ணு, இருக்குன்னு ஒண்ணு. ஏன்னா நீங்க அடிச்சது மைஎஸ்க்யூஎல்னு மொட்டையா, இன்ஸ்டாலர் வெச்ச பேரு மைஎஸ்க்யூஎல்80. 5.7 போட்டா மைஎஸ்க்யூஎல்57, 8.4 போட்டா மைஎஸ்க்யூஎல்84. பழைய பாடங்கள்ல எல்லாம் வெறும் மைஎஸ்க்யூஎல்னுதான் இருக்கும், அதைப் பாத்து அடிச்சு மாட்டுறவங்க ஏராளம்.

முதல்ல ஒண்ணு பண்ணுங்க. சர்வீஸ்களைக் கையாள விண்டோஸோட வர்ற எஸ்சி கமாண்டை எடுத்து, எஸ்சி க்வெரி ஸ்டேட்= ஆல்னு அடிச்சு மொத்த லிஸ்டையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வாங்கி அதுல மைஎஸ்க்யூஎல்னு தேடுங்க. ஸ்டேட்= ஆல் கண்டிப்பா வேணும், இல்லன்னா ஓடிட்டிருக்கிற சர்வீஸ் மட்டும்தான் வரும், நின்னுபோனது கண்ணுலயே படாது. சமக் குறிக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விடணும், அது எஸ்சி கமாண்டோட பிடிவாதம், காரணம் கேக்காதீங்க.

4 ஜூன்

லிஸ்ட்ல மைஎஸ்க்யூஎல்80 இருக்கு, ஸ்டாப்டுன்னு காட்டுது, ஸ்டார்ட் பண்ணா இப்ப சிஸ்டம் எர்ரர் 2 வருதுன்னு எழுதியிருக்கீங்க. நல்ல செய்திதான் அது. நம்பர் மாறிடுச்சு பாருங்க. 2185 போயி 2 வந்திருக்குன்னா சர்வீஸ் கிடைச்சிடுச்சு, ஆனா அது கைகாட்டுற இஎக்ஸ்இ ஃபைல் அந்த இடத்துல இல்ல. நீங்கதான் ஃபோல்டரை அழிச்சீங்களே. ஃபோல்டரை அழிச்சா சர்வீஸ் அழியாது. அது விண்டோஸ் தன் செட்டிங்ஸை எல்லாம் வெச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரில, சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ்னு போற கிளைக்குள்ள தனியா ஒரு பதிவு. வீட்டை இடிச்சுட்டு கதவு எண்ணை மட்டும் முனிசிபாலிட்டி புத்தகத்துல விட்டுட்டு வந்த கதை.

4 ஜூன், கொஞ்சம் கழிச்சு

எர்ரர் வார்த்தையைப் படிக்காதீங்க, நம்பரைப் படிங்க. இதை மட்டும் நான் யாருகிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வார்த்தை டூலுக்கு டூல் மாறும், ஒவ்வொரு இன்ஸ்டாலரும் தன் இஷ்டத்துக்கு எழுதி வெச்சிருக்கும், ஆனா அடியில விண்டோஸ் குடுக்கிற நம்பர் மாறாது. 1060னா அந்தப் பேருல சர்வீஸ் இல்ல, 2185 சொல்ற அதே விஷயத்தை எஸ்சி கமாண்ட் இப்படிச் சொல்லும். 1073னா ஏற்கெனவே இருக்கு. 1078னா அந்தப் பேரு வேற ஒரு சர்வீஸோட பேராவோ டிஸ்ப்ளே நேமாவோ (சர்வீசஸ் விண்டோல கண்ணுக்குத் தெரியுற பேரு) இருக்கு. இதுதான் ரொம்ப பேரை அலைய விடும், ஏன்னா சர்வீஸ் பேருங்க மத்தியில தேடினா கிடைக்காது, டிஸ்ப்ளே நேம்ல ஒளிஞ்சிட்டிருக்கும். 1072னா அழிக்கச் சொல்லியாச்சு, இன்னும் அழியல. நிஜமாவே எழுத்துல கோளாறுன்னா 123 இல்லன்னா 1213 வரும். இந்தக் கடைசி ரெண்டையும் நான் பாத்தது ரொம்ப அபூர்வம், ஏன்னா விண்டோஸோட விதி அவ்வளவு தாராளம்: 256 கேரக்டர் வரைக்கும் போகலாம், முன்சாய்வு பின்சாய்வு கோடு ரெண்டும் கூடாது, அவ்வளவுதான். ஸ்பேஸ் கூட வெக்கலாம், வெச்சுட்டு ஆயுசுக்கும் கொட்டேஷன் போட்டுட்டிருக்கணும்.

இன்னொண்ணு. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. எழுதினபடியே சேமிச்சு வெச்சுக்கும், ஒப்பிடும்போது கண்டுக்காது. அதனால எல்லாமே சின்ன எழுத்துல ஒரு மைஎஸ்க்யூஎல் இருந்தா, பெரிய எழுத்து கலந்து இன்னொரு மைஎஸ்க்யூஎல் போட முடியாது. ஸாம்ப் மாதிரி, வெப் சர்வரையும் டேட்டாபேஸையும் சேத்துக் குடுக்கிற தொகுப்பு ஒண்ணு அதே மெஷின்ல இருந்தா பெரும்பாலும் இங்கதான் முட்டும், அதோட கன்ட்ரோல் பேனல்ல "சர்வீஸ் டிடெக்டட் வித் ராங் பாத்"னு சிவப்பா ஒரு வரி வரும். ஒரே பேருக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கிறாங்கன்னு அதுக்கு அர்த்தம். அதே மாதிரி தொகுப்பான வாம்ப்ல வாம்ப்மைஎஸ்க்யூஎல்டி64னு தனிப்பேரு வெச்சிருக்காங்க, அந்த விதத்துல புத்திசாலித்தனம்.

5 ஜூன்

அழிக்கிறதுக்கு எஸ்சி டெலீட் மைஎஸ்க்யூஎல்80. அட்மினா திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்ல.

5 ஜூன், மதியம்

மேல "கமாண்ட் ப்ராம்ப்ட்ல"ன்னு சும்மா எழுதல. பவர்ஷெல்ல (விண்டோஸோட இன்னொரு கமாண்ட் விண்டோ) அடிச்சேன், எர்ரரே வரல, ஆனா சர்வீஸ் அப்படியே இருக்குன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். நீங்க நின்னுட்டிருந்த ஃபோல்டர்ல டெலீட்னு ஒரு ஃபைல் புதுசா வந்திருக்கா பாருங்க, திறந்தா உள்ள மைஎஸ்க்யூஎல்80னு இருக்கும். விண்டோஸோட வர்ற பவர்ஷெல் 5.1ல எஸ்சிங்கிறது செட் கன்டென்ட்டுக்கு சுருக்கப் பேரு, அதாவது ஃபைல்ல எழுதுற கமாண்ட். அது சொன்னபடி சமத்தா எழுதி வெச்சிருக்கும். எஸ்சி டாட் இஎக்ஸ்இன்னு முழுசா அடிங்க. பவர்ஷெல் 6ல இருந்து அந்தச் சுருக்கத்தை எடுத்துட்டாங்க, ரிமூவ் சர்வீஸ்னு தனி கமாண்டும் வந்தாச்சு. நான் வேலை பாத்த ஒரு இடத்துல சர்வர் டெஸ்க்டாப்ல டெலீட்டுன்னு ஒரு ஃபைல், ஸ்டாப்புன்னு ஒரு ஃபைல், க்வெரின்னு ஒரு ஃபைல், வரிசையா நின்னுச்சு. யாரோ ஒருத்தர் ராத்திரி முழுக்கப் போராடியிருக்கார்னு பாத்ததுமே புரிஞ்சிடும்.

6 ஜூன்

1072 வந்திடுச்சா. எதிர்பாத்தேன். டெலீட் சொன்ன உடனே விண்டோஸ் அழிச்சிடாது, அழிக்கணும்னு குறி மட்டும் வெக்கும். சர்வீஸ் நின்னிருக்கணும், மத்த ப்ரோக்ராம்கள் அதைத் திறந்து பிடிச்சுட்டிருக்கிற எல்லா ஹேண்டிலும் (பிடி) மூடணும், அப்பத்தான் பதிவு போகும். பிடிச்சுட்டிருக்கிறது யாருன்னா பாதி நேரம் நீங்களேதான், சர்வீசஸ் விண்டோவைத் திறந்து வெச்சுட்டு "போச்சா போச்சா"ன்னு ரிஃப்ரெஷ் அடிச்சுட்டிருப்பீங்க. அதை மூடுங்க, டாஸ்க் மேனேஜரை மூடுங்க, ஈவண்ட் வியூயர் திறந்திருந்தா அதையும். ரீபூட் பண்ணா நிச்சயம் போயிடும், ஆனா எல்லா மெஷினையும் நினைச்ச நேரத்துல ரீபூட் பண்ண முடியாதே.

ரீபூட்டே கூடாதுன்னு இருந்த ஒரு சர்வர்ல எனக்கு இதே 1072. எங்கிட்ட எல்லா விண்டோவும் மூடியாச்சு, அசையல. கடைசில பாத்தா வேற ஒரு அட்மின் ரிமோட் டெஸ்க்டாப்ல வந்து, லாக் ஆஃப் பண்ணாம டிஸ்கனெக்ட் மட்டும் பண்ணிட்டுப் போயிருக்கார், அவரோட செஷன்ல சர்வீசஸ் விண்டோ திறந்தபடியே கிடக்கு. டாஸ்க் மேனேஜர்ல எல்லா யூசரோட ப்ராசஸையும் காட்டச் சொல்லி அந்த எம்எம்சியை (சர்வீசஸ் விண்டோவை ஓட்டுற ப்ராசஸ்) முடிச்ச அந்த நொடியே சர்வீஸ் மறைஞ்சுது. அதுல இருந்து 1072ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குறது "வேற யாரு லாகின்ல இருக்கா?"

6 ஜூன், இரவு

ரெஜிஸ்ட்ரில போய் அந்தக் கீயையே அழிச்சிட்டா வேலை முடிஞ்சுதுன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். எனக்கு உடன்பாடு இல்ல. சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் பூட் ஆகும்போது அந்தக் கிளையைப் படிச்சு மெமரில தன் லிஸ்ட்டை வெச்சுக்குது. நீங்க கீயை வெட்டினாலும் அடுத்த பூட் வரைக்கும் அது லிஸ்ட்ல இருந்து போகாது, அப்ப எஸ்சி டெலீட்டை விட என்ன லாபம்? பக்கத்துக் கீயை வெட்டினா விண்டோஸ் எழுந்திரிக்காமலே போகலாம், அது மட்டும்தான் கூடுதல் வசதி. வேற வழியே இல்லன்னா எக்ஸ்போர்ட் எடுத்து வெச்சுட்டுப் பண்ணுங்க, நான் தடுக்கல.

7 ஜூன்

அழிக்கிறதைப் பத்தியே ரெண்டு நாளா எழுதிட்டிருக்கேன், அதுக்கு முன்னாடி செய்யவேண்டியதைத் தனியா சொல்லிடணும். இதை யாராவது பின்னாடி வந்து பாதில இருந்து படிச்சுட்டு நேரா டெலீட் அடிப்பாங்க. டெலீட்டுக்கு முன்னாடி எஸ்சி க்யூசின்னு அடிச்சு பேரைக் குடுங்க, அந்த சர்வீஸ் எந்த இஎக்ஸ்இயை ஓட்டுது, டிஃபால்ட்ஸ் ஃபைல் (மை டாட் ஐஎன்ஐங்கிற செட்டிங்ஸ் ஃபைல்) எங்க இருக்கு, எந்த அக்கவுண்ட்ல ஓடுதுன்னு மொத்த ஜாதகமும் வரும். அதைக் காப்பி பண்ணி வெச்சுக்கங்க. சர்வீஸை அழிக்கிறதால டேட்டா அழியாது, மைஎஸ்க்யூஎல் டேட்டா வழக்கமா சி டிரைவ்ல ப்ரோக்ராம்டேட்டாங்கிற மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள இருக்கும். ஆனா எந்த மை டாட் ஐஎன்ஐ எந்த டேட்டா டைரக்டரியைக் காட்டிச்சுங்கிற தொடர்பு அந்த ஒரு வரிலதான் இருக்கு. ஒரே மெஷின்ல ரெண்டு மூணு வெர்ஷன் வெச்சிருக்கிறவங்களுக்கு அது போச்சுன்னா அப்புறம் ஊகம்தான்.

அந்த க்யூசி அவுட்புட்டைப் பாக்கும்போது இன்னொண்ணும் பாத்துக்கங்க, இஎக்ஸ்இயோட பாதைக்குக் கொட்டேஷன் இருக்கா? ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல ஸ்பேஸ் இருக்கே, கொட்டேஷன் இல்லன்னா விண்டோஸ் முதல்ல சி டிரைவ்ல ப்ரோக்ராம் டாட் இஎக்ஸ்இன்னு ஒண்ணு இருக்கான்னு தேடும். அந்த இடத்துல ஒருத்தன் எதையாவது எழுதி வெக்க முடிஞ்சா அது சர்வீஸோட அதிகாரத்துல ஓடும். செக்யூரிட்டி ஸ்கேன்ல அடிக்கடி மாட்டுற ஐட்டம். கேள்விக்குச் சம்பந்தம் இல்லதான், ஆனா திறந்தது திறந்தாச்சு.

8 ஜூன்

விசார்டே வேணாம், கையாலயே போட்டுக்கிறேன்னு சொல்றவங்களுக்கு. மைஎஸ்க்யூஎல்டி (சர்வரோட இஎக்ஸ்இ), ரெண்டு ஹைஃபன் இன்ஸ்டால், அப்புறம் சர்வீஸ் பேரு, அதுக்கு அப்புறம்தான் டிஃபால்ட்ஸ் ஃபைல். வரிசை முக்கியம். பேரைக் குடுக்கலன்னா வெறும் மைஎஸ்க்யூஎல்னு தானா வெச்சுக்கும். நீங்களா ஒரு பேரு குடுத்தா, மை டாட் ஐஎன்ஐல மைஎஸ்க்யூஎல்டி பிரிவோட சேத்து அந்தப் பேருல ஒரு பிரிவு இருந்தா அதையும் படிக்கும், ஒரே ஐஎன்ஐல ரெண்டு சர்வருக்கு ரெண்டு போர்ட் வெக்க இது அருமையான வசதி, ரொம்ப பேருக்குத் தெரியாது. "இன்ஸ்டால் ரிமூவ் டினைட்"னு வந்தா பேருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அட்மினா திறக்கல, அவ்வளவுதான்.

அப்புறம் இந்தக் காப்பி பேஸ்ட் வியாதி. வேர்ட் டாக்குமெண்ட்ல எழுதி வெச்ச இன்ஸ்டால் குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டுவாங்க, வேர்ட் அந்த ரெண்டு ஹைஃபனையும் சேத்து ஒரு நீளக் கோடா மாத்தியிருக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மைஎஸ்க்யூஎல் அதை ஆப்ஷனாவே எடுத்துக்காது, டூ மெனி ஆர்க்யுமெண்ட்ஸ்னு புலம்பும். கொட்டேஷனும் அதே மாதிரி சுருட்டைக் கொட்டேஷனா வந்து உக்காந்துக்கும். எழுத்துக் கோளாறுன்னு நான் நிஜமா பாத்த கேஸ்ல பாதி இந்த ரகம்.

10 ஜூன்

மைக்ரோசாஃப்ட்டோட எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல பேரு விஷயத்துல ஏன் இவ்வளவு கறார்னு கேட்டிருந்தீங்க. அங்க நீங்க குடுக்கிறது சர்வீஸ் பேரே இல்ல, இன்ஸ்டன்ஸ் பேரு, அதாவது ஒரு மெஷின்ல போடுற ஒவ்வொரு சர்வர் காப்பிக்கும் வெக்கிற பேரு. அதுல இருந்து செட்டப்பே சர்வீஸ் பேரைக் கட்டிக்கும். டிஃபால்ட் இன்ஸ்டன்ஸ்னா எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர், பேரு குடுத்தா எம்எஸ்எஸ்க்யூஎல், டாலர் குறி, அதுக்குப் பின்னாடி உங்க பேரு. இன்ஸ்டன்ஸ் பேரு 16 கேரக்டருக்கு மேல போகக்கூடாது, ஹைஃபன் கூடாது, ஸ்பேஸ் கூடாது, எண்ல ஆரம்பிக்கக்கூடாது, டிஃபால்ட்னும் எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர்னும் வெக்கக்கூடாது. ஆக நிஜமாவே "பேரு செல்லாது"ன்னு எழுத்தைப் பாத்துச் சொல்ற இடம் இதுதான். ஹைஃபன்லதான் நிறைய பேரு விழுறாங்க, சர்வர் மெஷின் பேருல ஹைஃபன் வெச்சுப் பழகின கை.

அப்புறம் அந்த டாலர். பவர்ஷெல்ல டபுள் கொட்டேஷனுக்குள்ள எம்எஸ்எஸ்க்யூஎல் டாலர் எஸ்க்யூஎல்எக்ஸ்பிரஸ்னு எழுதினா, டாலருக்குப் பின்னாடி வர்றதை வேரியபிள்னு நினைச்சு மாத்திடும், அப்படி ஒரு வேரியபிள் இல்லாததால மிஞ்சுறது வெறும் எம்எஸ்எஸ்க்யூஎல். அப்படி ஒரு சர்வீஸே இல்லைன்னு அது சொல்லும், சொல்றதும் நியாயம்தான். சிங்கிள் கொட்டேஷன் போடுங்க.

12 ஜூன்

லினக்ஸ்காரங்க "எங்களுக்கு இந்தத் தொல்லை எல்லாம் இல்ல"ன்னு நக்கல் அடிக்கிறாங்க. அப்படியா? மைஎஸ்க்யூஎல் உபுண்டுல மைஎஸ்க்யூஎல் டாட் சர்வீஸ், ரெட்ஹேட் குடும்பத்துல மைஎஸ்க்யூஎல்டி டாட் சர்வீஸ். ஒரு பக்கம் எழுதின ஸ்கிரிப்டை மறுபக்கம் ஓட்டினா "யூனிட் நாட் ஃபவுண்ட்" (யூனிட்னா லினக்ஸ்ல சர்வீஸோட பதிவு), அப்படியே நம்ம 2185தான், சட்டை மட்டும் வேற. மைஎஸ்க்யூஎல்ல இருந்து பிரிஞ்ச மரியாடிபில மரியாடிபி டாட் சர்வீஸ்தான் அசல், மைஎஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல்டி ரெண்டும் அதுக்கு மாற்றுப் பேரு. மாற்றுப் பேருல ஸ்டார்ட் பண்ணலாம், எனேபிள் (பூட் ஆகும்போது தானா எழ வெக்கிறது) பண்ணப் போனா மாட்டேன்னு அடம் பிடிக்கும். மாங்கோடிபில அதிகாரப்பூர்வ பேக்கேஜ்னா மாங்கோட்னு டி-யோட முடியும், டிஸ்ட்ரோவோட பழைய பேக்கேஜ்னா மாங்கோடிபி.

எல்லாத்துக்கும் மேல டெபியன் லினக்ஸ்ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டாட் சர்வீஸ்னு ஸ்டேட்டஸ் கேட்டா ஆக்டிவ்னு பச்சையா வரும், பக்கத்துலயே அடைப்புக்குள்ள எக்ஸிடெட்னு இருக்கும், அதை யாரும் படிக்கிறதில்ல. அந்த யூனிட் ஓட்டுறது ட்ரூங்கிற ஒண்ணுமே செய்யாத கமாண்டை. நிஜ டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அட் 16 ஹைஃபன் மெயின்னு வேற யூனிட். டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும்போதும் மேல இருக்கிறது பச்சை காட்டிட்டே இருக்கும். பேரு இல்லைன்னு மூஞ்சில அடிக்கிற விண்டோஸே தேவலைன்னு எனக்குத் தோணினது இங்கதான். பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்னு அடிச்சுப் பாத்தா உண்மை தெரியும்.

13 ஜூன்

ஆரக்கிள் டேட்டாபேஸ் எர்ரரைப் பத்திக் கேட்டவருக்கு. ஓஆர்ஏ 12560 வந்தா, அதே விண்டோஸ் மெஷின்ல இருந்து உள்ளூரா கனெக்ட் பண்றீங்கன்னா, ஆரக்கிள்சர்வீஸ்னு ஆரம்பிச்சு எஸ்ஐடில (டேட்டாபேஸோட அடையாளப் பேரு) முடியுற விண்டோஸ் சர்வீஸ் ஓடுதான்னு பாருங்க. 12514 வந்தா விண்டோஸ் சர்வீஸ் லிஸ்ட்டைத் தொடவே வேணாம், அது லிசனர்கிட்ட (வர்ற கனெக்‌ஷனை வாங்குற ப்ரோக்ராம்) பதிவாகிற சர்வீஸ் நேம், லிசனர் ஸ்டேட்டஸ்ல பாக்கணும். இதுக்கு மேல ஆரக்கிள் பக்கம் போனா திரும்பி வர நாளாகும்.

16 ஜூன்

இருக்கிற சர்வீஸோட பேரை மாத்த முடியுமா? டிஸ்ப்ளே நேமை எஸ்சி கான்ஃபிக்ல மாத்தலாம். உள்ள இருக்கிற அசல் பேரை மாத்த வழி குடுக்கல. எடுத்துட்டுப் புதுப்பேருல போடணும், மைஎஸ்க்யூஎல்னா ரெண்டு ஹைஃபன் ரிமூவ், அப்புறம் இன்ஸ்டால். போஸ்ட்கிரெஸ்னா பிஜி சிடிஎல் அன்ரெஜிஸ்டர், அப்புறம் ரெஜிஸ்டர், ஹைஃபன் பெரிய என் போட்டுப் பேரு. டிஸ்ப்ளே நேம் மட்டும் தெரியும், அசல் பேரு தெரியலன்னா எஸ்சி கெட்கீநேம் சொல்லிடும்.

அப்ப என்ன பேரு வெக்கலாம்னு கேக்குறீங்க. வெர்ஷன் நம்பரைப் பேருல வெக்கிறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, பாத்த உடனே எதுன்னு தெரியும், ரெண்டு வெர்ஷன் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஆனா 8.0வை 8.4க்கு அப்கிரேட் பண்ணும்போது பழைய சர்வீஸையே புது இஎக்ஸ்இக்குத் திருப்பி விட்டவங்க இருக்காங்க, பேரு மைஎஸ்க்யூஎல்80, உள்ள ஓடுறது 8.4. அடுத்து வர்றவன் பேரை நம்பி தப்பான பேக்கப் டூலை எடுப்பான். அதனால இப்ப நான் வேலையை வெச்சுப் பேரு வெக்கிறேன், பில்லிங் டிபி, டெஸ்ட் டிபின்னு, வெர்ஷனை டிஸ்ப்ளே நேம்ல எழுதிடறேன், அதை எப்ப வேணா மாத்தலாமே. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.

17 ஜூன்

நேத்து எழுதினதுல ஒரு இழுபறி இருக்கு. வேலையை வெச்சுப் பேரு வெச்சா இன்ஸ்டாலருக்கும் அப்கிரேட் விசார்டுக்கும் அது பழகாத பேரு, சிலது டிஃபால்ட் பேரைத்தான் தேடும். மானிட்டரிங் டூல், பேக்கப் ஸ்கிரிப்ட், இந்த சர்வீஸ் எழுந்த அப்புறம்தான் நான் எழுவேன்னு டிபெண்டென்சி வெச்சிருக்கிற அப்ளிகேஷன் சர்வீஸ், எல்லாத்துலயும் அந்தப் பேரு எழுதியிருக்கும். ஓடிட்டிருக்கிற சர்வர்ல பேரு அழகா இல்லைங்கிறதுக்காக மாத்தப் போகாதீங்க. புதுசா போடும்போது மட்டும் யோசிங்க. எஸ்சி எனம்டிபெண்ட்னு ஒண்ணு இருக்கு, யாரெல்லாம் இந்த சர்வீஸை நம்பியிருக்காங்கன்னு காட்டும், மாத்தியே ஆகணும்னா முதல்ல அதை ஓட்டுங்க.

19 ஜூன்

பழசு அழிஞ்சு, விசார்ட் நெக்ஸ்ட் விட்டு, மைஎஸ்க்யூஎல்80 போட்டாச்சு, ஆனா ஸ்டார்ட் பண்ணா 1067னு வருதுன்னு நம்ம தம்பி எழுதியிருக்கார். இப்ப பேரு பஞ்சாயத்து முடிஞ்சுது தம்பி. 1067னா சர்வீஸ் கிடைச்சுது, இஎக்ஸ்இயும் கிடைச்சுது, ஓட ஆரம்பிச்சு தானா செத்துடுச்சு. டேட்டா டைரக்டரில உங்க மெஷின் பேருல இஆர்ஆர்னு முடியுற ஒரு ஃபைல் இருக்கும், அதோட கடைசி வரிங்களைப் போடுங்க. பழைய டேட்டா ஃபோல்டரை விசார்ட் அப்படியே எடுத்துக்கிச்சா, இல்ல மைஎஸ்க்யூஎல்லோட போர்ட்டான 3306ல வேற ஏதாவது உக்காந்திருக்கான்னு அதுலயே தெரிஞ்சிடும். புது இழையா ஆரம்பிங்க, இது ரொம்ப நீண்டுடுச்சு.